தோய்க்காத சட்டை

மேஜரின் தட்டை நான்தான் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளைப் பீங்கான் தட்டு. அதோடு ஒரு கம்பளி, ஒரு சீப்பு, தோல் வார், உண்ணிக்குப் போடுகிற பவுடர், பிஸ்கட் டின். ஆறு மாதம் கொழும்பில் தங்கப்போகிற நாய்க்கு இவ்வளவு சீதனம். நான் கல்யாணம் முடித்து வந்தபோது என் பெட்டியில் இதில் பாதிகூட இருக்கவில்லை.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. உப்பளத்துத் துரை சீமைக்குப் போய்வரப் போகிறான். வாயால்தான் அவனைத் துரை என்பேன். மனதுக்குள் மரியாதை எதுவும் கிடையாது.

நாயைக் கூடக் கொண்டுபோக முடியாதாம். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, ஊருக்குப் போகிற துரைமாரின் நாய்களை வாங்கி வைத்துப் பார்க்கிறாளாம். நாய்களுக்கு ஒரு விடுதி. கூப்பனுக்கு அளந்து தந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டுச் சிரிப்புக்கூட வரவில்லை.

அந்தச் சீமாட்டி ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். எசமான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் தோய்க்காமல் அனுப்ப வேண்டும். நாய் அதன்மேல்தான் படுக்கும். யாருடைய வாசத்தில் படுத்து எழும்புகிறதோ, அந்த ஆளை அது மறக்காது.

போன கிழமையே துரை தன் காக்கிச் சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டான்.

அவனுக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. பின்னேரத்தில் மேஜரின் காதைத் தடவிக்கொண்டு அதனோடுதான் கதைப்பான். எங்களோடு கதைக்கிற குரல் வேறு. இந்த உலகத்தில் அவன் உயிரை வைத்திருந்தது அந்த நாயின்மேல் மட்டும்தான். குசினிக்குள் சமைத்துக்கொண்டே நான் அதை நன்றாகப் பார்த்து வைத்திருந்தேன்.

என் புருஷன் மனுவேலை அவனுக்கு நினைவிருக்காது.

கருவாடு போடுவதற்காக, களப்போரத்தில் கடல்தண்ணீர் வற்றித் தானாக விளைந்து கிடந்த உப்பில் ஒரு கடகம் அள்ளினார் மனுவேல். அரசாங்கத்து உப்பாம். கடல் எந்த நாளில் அதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததோ தெரியாது. துரை கடகத்தைப் பறித்திருக்கலாம். பொலிசில் கொடுத்திருக்கலாம். அவன் நாயை அவிழ்த்துவிட்டான். மனுவேல் விழுந்து கத்திய பிறகும் அதைக் கூப்பிடாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான்.

கெண்டைக்கால் சதை போய்விட்டது. அதற்குப் பிறகு மனுவேல் மீன் பிடிக்க வள்ளத்தில் ஏறவில்லை. வீட்டுக்குள் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுக்கிறார்.

நான் துரையின் குசினிக்கு வேலைக்கு வந்தது வயிற்றுப்பாட்டுக்காக என்று சனம் நினைத்தது. வயிறும் ஒரு காரணம்தான்.

நாயை ஸ்டேசனுக்குக் கொண்டுபோக ஹயாத்து முகம்மது நானாவின் லொறி கேற்றடியில் வந்து நின்றது. துரை குனிந்து பையைத் திறந்தான். சட்டையை வெளியே எடுத்தான். மூக்கில் வைத்தான்.

நான் பிஸ்கட் டின்னின் மூடியை மறுபடி அழுத்தினேன்.

"மீன்," என்றான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பிறகு சிரித்தான். "இந்த ஊரில் எல்லாம் மீன் நாத்தம்."

வந்த நாளிலிருந்து அவன் சொல்லுகிற பேச்சு அது. காலையில் தின்கிற பாண் நாறுகிறது என்பான். தலையணை நாறுகிறது என்பான். குளித்து உடுத்துப் பூசைக்குப் போய்வந்த என்னையும் நாறுகிறது என்பான். மாதாவே, அன்றைக்கு அந்தத் திமிர்தான் என்னைக் காப்பாற்றியது.

சட்டையை மேஜரின் முன்னால் விரித்தான்.

நாய் முகர்ந்தது. வால் மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு சட்டையின் கழுத்துப் பட்டியின்மேல் தாடையை வைத்துப் படுத்து, பால் கேட்கிற குழந்தைபோல முனகியது.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்காலில் நின்று அதன் தலையைத் தடவினான்.

"பார், அனஸ்தாசியா. மேஜர் என்னை மறக்காது."

"ஓம் துரை. ஆளை மறக்காது."

பையை இறுக்கிக் கட்டி லொறியில் ஏற்றினேன்.

நான் வீட்டுக்குப் போனபோது மனுவேல் வெறும் மேலோடு வலை பொத்திக்கொண்டிருந்தார். பாவம், ஒரு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருடைய முதுகில் காற்றுப் பட்டது. துரை சட்டையைத் தந்த அன்றே அதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து அவருக்கு மாட்டிவிட்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இரவும் பகலும் அதோடேயே கிடந்தார். மீன் வெட்டும்போதுகூட நான் கழற்ற விடவில்லை.

"மணந்து பார்த்துதா?" என்று கேட்டார்.

"ஓம். மேல படுத்திட்டுது."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். துரை கந்தோருக்குப் போன மத்தியானங்களில், குசினிக்குப் பின்னால், மாதக்கணக்காக மேஜருக்கு இறைச்சி ஊட்டிய கை அது. முதல் நாள் நாயைக் கண்டதும் மனுசன் சாரத்தோடு மூத்திரம் போய்விட்டார். நான்தான் அந்தக் கையைப் பிடித்து நீட்டவைத்தேன்.

ஆறு மாதத்தில் துரை திரும்பி வருவான். ஸ்டேசனில் நாயை இறக்கிவிட்டுக் கைதட்டிக் கூப்பிடுவான். அன்றைக்கு மனுவேலை நான் ஸ்டேசன் வேலியோரம் கொண்டுபோய் இருத்துவேன். மேஜர் துரையைத் தாண்டி அந்தக் கையைத் தேடி ஓடும்.

அவன் கத்திக் கத்திக் கூப்பிடட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பேன்.