கல்லுக்கு அடைமொழி

"யானையை வெட்டு புள்ள," என்றார் மங்கையற்கரசி.

நிருஷாவுக்குப் பேனையை வயலுக்குள் எறிந்துவிடலாம் போலிருந்தது. 'படுத்திருக்கும் யானையைப் போன்ற கரும்பாறை' என்பதுதான் கட்டுரையின் முதல் வரி.

"ஏன் அக்கா? பாருங்க, யானை மாதிரித்தானே கிடக்கு."

"யானை எண்டு எழுதினா யானை பார்க்க ஆக்கள் வருவாங்க. உள்ள யானையே வரம்பை உடைச்சிட்டுப் போகுது."

வயல் காவல் வாடிக்குள் இருந்து கிழிந்த உரப்பையைத் தைத்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் கோணாமலை சிரித்தார். நிருஷா சிரிக்கவில்லை. யானையை வெட்டினாள்.

அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் தமிழ் படித்துவிட்டு, இப்போது பிரதேச செயலகத்தில் முதியோர் கொடுப்பனவுக் கோப்புகளுக்கு நூல் கட்டுகிறாள். படித்த படிப்புக்கு வேலை வருடத்தில் ஒரு தடவைதான் வரும்: பிரதேச மலருக்கு ஒரு கட்டுரை. அதிலும் இந்த வருடம் புது விதி. காணிக்காரரின் கையொப்பம் இல்லாமல் எந்த இடத்தைப் பற்றியும் எழுத முடியாது. ஏனென்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. நாலு மணிக்குள் கையொப்பத்தோடு போகாவிட்டால் மலரில் அவளுக்கு ஒதுக்கிய பக்கத்தில் கணக்காளரின் கவிதை ஏறிவிடும். அந்தக் கவிதையை அவள் வாசித்திருந்தாள்.

இப்போது மணி இரண்டு. வந்து ஒன்றரை மணித்தியாலம். வயல் நடுவே அந்தப் பாறை, உச்சி வெயிலில் கன்னங்கரேலென்று, அடியில் பழுப்பு வரிகள் நெளிய, பொடிப்பொடியாய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கண்ணெதிரே கிடப்பதை எழுதினால் காணிக்காரி ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்குகிறார்.

'மினுமினுக்கும்' கூடாதாம். மினுங்குது என்றால் தோண்டிப் பார்க்க வருவார்களாம். 'குகை' கூடாதாம். அது மழைக்கு ஆடு ஒதுங்கும் பொந்தாம். 'தொன்மையான' என்பதற்குக் கோணாமலையே வாய் திறந்தார்.

"கல்லு எல்லாம் பழசுதானே மிஸ். புதுசா ஆரும் செஞ்சு விக்கிறாங்களா?"

'எழுத்துகளைப் போன்ற கீறல்கள்' என்று வாசித்தபோது மங்கையற்கரசி எழும்பிப் போய், நெல் வெட்டும் கத்தியை எடுத்துவந்து பாறையில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"இந்தா, உண்ட எழுத்து."

நிருஷா அதையும் வெட்டினாள். 'வழுவழுப்பான' என்பதில் புருசனும் பெண்சாதியும் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். வழுவழுப்புத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அவர். வழுவழுப்பு என்றால் ஆரோ தேய்த்து வைத்த மாதிரி இருக்காதா என்று கேட்டார் மங்கையற்கரசி. கோணாமலை கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், அதையும் எடுத்துவிடச் சொன்னார்.

கடைசியில் இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு வசனம் மிஞ்சியது. 'வயலுக்குள் ஒரு கல் இருக்கிறது.' அதற்குப் பின்னால் எழுதச் சொல்லி இன்னொன்றை மங்கையற்கரசியே சொன்னார்: 'அதில் நெல் காயப்போடுவார்கள்.'

"இப்பதான் வடிவா இருக்கு. கொண்டா, ஒப்பம் வைக்கிறன்."

நிருஷா தாளைக் கொடுக்கவில்லை.

"இதை மூணாம் வகுப்புப் பிள்ளையும் எழுதும். இதுக்கா நான் நாலு வருசம் படிச்சது? ஒரு கல்லைப் பத்தி நல்லதா நாலு சொல்லு எழுதினா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும் அக்கா? உங்கட கல்லுதானே. அதுல உங்களுக்கு அப்பிடி என்ன கோபம்?"

கோணாமலை தைப்பதை நிறுத்தினார். மங்கையற்கரசி கத்தியைக் கீழே வைத்தார்.

"எண்ட தங்கச்சிட வயல் வட்டை குளத்துக்கு அங்கால. அங்கயும் ஒரு கல்லு. மழைத்தண்ணி ஓடி ஓடி அறுத்ததுல நாலு தடம் விழுந்து கிடக்கு. போன வருச மலர்ல அதைப் படிக்கட்டு எண்டு எழுதிட்டாங்க. அதை வாசிச்சிட்டு கொழும்பால ஆக்கள் வந்தாங்க. இது பழைய காலத்து இடமாம். சுத்திவரக் கட்டை நட்டு, பலகையும் அடிச்சிட்டாங்க. பன்னிரண்டு குடும்பம், புள்ள. இந்தப் போகம் ஒருத்தரும் வயலுக்குள்ள இறங்க ஏலா."

நிருஷா பேனையை மூடினாள்.

"அது தண்ணி அறுத்த தடம் எண்டு எத்தினை தரம் சொன்னம். சொல்லுற நேரமெல்லாம் அந்த மலரை எடுத்துத்தான் வாசிச்சுக் காட்டுறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாப் போச்சு." மங்கையற்கரசி பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "'மழையும் வெயிலும் அழிக்க மறந்த ஏதோ ஓர் உளியின்...'"

அதோடு நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

'...நினைவல்லவா இந்தப் படிகள்' என்று அந்த வரி முடியும். போன வருடம், அந்தக் கல்லின் பக்கமே போகாமல், யாரோ அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்து அதை எழுதியவள் நிருஷாதான்.