பல்லி ஏறிய கூண்டு

கோர்ட்டு வராந்தாவில் கோழி இட்டு வைத்திருந்த ஆறு முட்டைகளைக் காணோம். வழக்கு எருமை நீதிபதியிடம் வந்தது.

முதலில் கீரி கூண்டில் ஏறியது. "அன்னிக்கு நான் ஊர்லயே இல்லைங்கய்யா. தின்னது பாம்புதான்."

சுவரில் இருந்த பல்லி "ச்சு ச்சு" என்றது.

"ஆகா, பல்லியே சொல்லிடுச்சு! அப்ப உண்மைதான்" என்று எருமை தலையாட்டியது.

பல்லிக்கு வால்நுனி வரை புல்லரித்தது. பூச்சி கிடைக்காத ஏக்கத்தில் போட்ட சத்தத்துக்கு இத்தனை மரியாதையா!

அடுத்துப் பாம்பு ஏறியது. "நான் சுத்த சைவமுங்கய்யா. தின்னது கீரிதான்."

பல்லிக்கு வாய் சும்மா இருக்குமா? "ச்சு ச்சு."

எருமைக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி ரெண்டுமே உண்மையாகும்? ஏய் பல்லி, இறங்கி வந்து நீயே கூண்டுல ஏறு. பொய் சொன்னா இந்தக் கட்டடத்துலயே உனக்கு இடமில்லை!"

பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து ஏறியது. "ஐயா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தாங்க. ஆளுக்கு மூணாப் பங்கு போட்டுத் தின்னாங்க. வராந்தாச் சுவர்ல இருந்து என் கண்ணால பார்த்தேன்."

கோழி நிமிர்ந்து உட்கார்ந்தது. கீரியும் பாம்பும் தலையைக் குனிந்துகொண்டன.

எருமை அண்ணாந்து சுவரைப் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். பல்லியும் பார்த்தது. சுவர் காலியாக இருந்தது.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு எருமை பெருமூச்சு விட்டது.

"பல்லி சொல்லலையேப்பா! இது பொய்ச்சாட்சி."