முதலில் இறங்க வேண்டியவர்
பெயர் வாயில் நுழையாத அந்தத் தூரதேசத்தில், உறைந்த ஏரியின் நடுவே எங்கள் வண்டி நின்றுவிட்டது. அடியில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக இறங்கிக் கரைக்கு நடக்கும்படி ஓட்டுநர் கைகாட்டினான். என் மகளும் மாப்பிள்ளையும் இறங்கிப் போய்விட்டார்கள். பின்சீட்டில் நானும் சம்பந்தி அம்பலவாணரும் மட்டும் இருந்தோம். அவர் பக்கத்துக் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. திறந்திருந்த கதவோரம் நான்.

“நீங்க முதல்ல இறங்குங்க சம்பந்தி. என்னைத் தாண்டிப் போங்க.”

“வயசுல மூத்தவரைத் தாண்டியா போவேன்? இறங்குங்க, சொல்றேன்.”

மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு எங்கள் குடும்பத்தில் யாரும் முன்னால் போனதில்லை. கல்யாணத்தில் முதல் பந்தியில் தன் தம்பிக்கு இலை போடவில்லை என்று ஐந்து வருடமாக ஊரெல்லாம் சொல்லி வருபவர் இவர். இதைச் சொல்லாமல் விடுவாரா?

“நீங்க முதல்ல இறங்கினதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேங்க,” என்றார்.

“இலை விஷயத்துலயும் அப்படித்தான் சொன்னீங்க.”

“அப்பா, இறங்குப்பா,” என்று தூரத்திலிருந்து மகள் அலறினாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கத்தாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஓட்டுநர் என் கோட்டைப் பிடித்து இழுத்தான். கையைத் தட்டிவிட்டேன்.

காலடியில் விரிப்பு நனைந்தது. சம்பந்தி என்னைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார். கல்யாண மண்டபத்தில்கூட அவர் அப்படிக் கும்பிட்டதில்லை.

நானும் பதிலுக்குக் கும்பிட்டு, அவர் என்னைத் தாண்டிப் போக இடம் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சீட்டோடு ஒட்டி உட்கார்ந்தேன்.