பக்கத்து கேபின்

"ஜெயப்ரியா, முடிவா சொல்லிட்டேன். நாளையிலேருந்து அந்த மீன்காரம்மா உள்ள வந்தா, நான் வேற சென்டர் பார்த்துக்கறேன்."

மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார் ராஜாராமன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரானவர். சிட்லபாக்கத்தில் ஒண்டிக்கட்டை.

"கூடையை வெளியிலதானே சார் வெச்சிருக்காங்க?" என்றாள் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜெயப்ரியா.

"வாடை உள்ள வருதே! கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"அவங்க சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன் சார்."

நாலாம் கேபினுக்குள் போகப்போன அங்காளம்மாள் திரும்பிச் சிரித்தாள். "கோச்சுக்காத சார். சோப்பு போட்டு கழுவிகினுதான் வந்தேன். இன்னிக்கு வஞ்சிரம். அந்த வாசனைக்கே குடுத்து வெச்சிருக்கணும்!"

ராஜாராமன் மூணாம் கேபினுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு இன்றைக்குத் தலைபோகிற வேலை இருந்தது.

அறுபது தாண்டியவர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு குழு. ஆணை நேசித்த ஆண்கள், பெண்ணை நேசித்த பெண்கள். ஆயுசு பூரா அதை வெளியில் சொல்லாதவர்கள். எல்லாருக்கும் புனைபெயர்தான். இவர் பெயர் 'கடைசி ரயில்'. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகத் திருநீர்மலை அடிவாரத்தில் எல்லாரும் நேரில் கூடப் போகிறார்கள்.

போவதா, வேண்டாமா? மூணு நாளாக அதே யோசனை.

குழுவில் அவருக்கு எல்லாமே 'அலை' அம்மாதான். எட்டு மாசம் முன்னால், 'முப்பது வருஷம் நேசித்த மாணிக்கவேல் போய்விட்டார். சாவு வீட்டில் யாரோ மாதிரி நின்றுவிட்டு வந்தேன்' என்று இவர் எழுதினார். 'இங்கே அழுங்கள். நாங்கள் துக்கம் விசாரிக்கிறோம்' என்று உடனே பதில் போட்டவள் அலை. தமிழ் டீச்சராக இருந்து ரிட்டையரானவள் என்று இவராகவே முடிவு கட்டியிருந்தார்.

ஒற்றை விரலால் தட்டினார். 'அலை அம்மா, ஞாயிறு வரப் பயமாக இருக்கிறது. நேரில் பார்த்ததும் என்னை ஒதுக்கிவிட்டால்?'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

எப்போதும் ஜெயப்ரியாவின் காதோடு காதாகச் சொல்கிற அங்காளம்மாள், இன்றைக்குப் பலகைத் தடுப்பு அதிரப் பேசினாள்.

"எழுதும்மா. இன்னாத்துக்கு பயம்? தகிரியமா வா. எனக்குந்தான் பயமாக்கீது. படிச்சவங்க நீங்கல்லாம் என்னைப் பார்த்து மூக்கைப் புடிச்சுக்கினா? ஆனா நானும் என் கனகவல்லியும் புதுச்சேலை எடுத்துட்டோம். வராம இருப்போமா?"

தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ராஜாராமனின் திரையில் அதே பேச்சு, இஸ்திரி போட்ட மாதிரி வந்து விழுந்தது.

'எதற்குப் பயம்? தைரியமாக வாருங்கள். எனக்கும் பயம்தான்...'

மூக்கைப் பற்றிய வரியைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. எழுந்து போய் நாலாம் கேபின் கதவைத் தட்டினார்.

"அங்காளம்மா... அலை நீங்களா? நான்..."

"கடைசி ரயிலு! மொத நாளே தெரியும் சார். நீதான் வாய்விட்டுப் படிச்சுக்கினே தட்டுவியே. ஞாயித்துக்கெழம என்னைப் பார்த்து மெரண்டு ஓடிடப் போறன்னுதான் இன்னிக்கு சத்தமா சொன்னேன்."

எட்டு மாசமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பை ஜெயப்ரியா அவிழ்த்து விட்டாள். ராஜாராமனுக்கும், கூச்சத்தையும் மீறி, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தினமும் நான் பேசின பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு... அன்னிக்கே சொல்லியிருந்தா வாயை மூடியிருப்பேனே!"

"சொல்லியிருந்தா வெக்கப்பட்டுக்கினு வராமலே நின்னுருப்ப. அப்பால உன் மாணிக்கவேலைப் பத்தி யாருகிட்ட சார் பேசியிருப்ப?"