பாம்பு வராத வீடு

“அந்தச் செங்கல்ல கை வைக்காதீங்க, தங்கச்சி. தள்ளி நில்லுங்க.”

பாம்பு பிடிப்பவர் நீளமான கம்பியால் செங்கல் குவியலின் மேல் வரிசையைத் தட்டிவிட்டார். ஒரு தேரைதான் குதித்து ஓடியது. அதற்கே அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே குவியலுக்குப் பக்கத்தில்தான் அவள் கணவன் சைக்கிளை எடுக்கக் குனிந்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டே வந்தான். உள்ளே போனவன் திரும்பவில்லை. கடித்த நல்ல பாம்பை அக்கம்பக்கத்தார் அடித்துக் கொன்று மதிலோரம் போட்டார்கள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அன்றிலிருந்து ஏழு வயது மகள் முற்றத்தில் கால் வைப்பதில்லை. பள்ளிக்கூடம் போகவும் அம்மாதான் கேட் வரை இடுப்பில் தூக்கிப் போக வேண்டும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது துணி காலில் உரசினால்கூட அம்மாவுக்கே உயிர் போய் உயிர் வந்தது.

போன திங்கட்கிழமை இவர் தானாக வந்து நின்றார். “பாம்பு வராம பண்ணிக் கொடுக்கறேன்” என்றார். கூலி என்னவென்று கேட்டதற்கு, “ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மதிலைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் மூலைக்கு மூலை பூண்டை நசுக்கிப் போட்டு, பினாயிலை ஊற்றி வைத்திருந்தாள். அவர் அதை மோந்து பார்த்தார்.

“இதுக்கெல்லாம் பாம்பு ஓடாது, தங்கச்சி. நமக்குத்தான் தலைவலி வரும். பாம்பு நம்மளைத் தேடி வரல, எலியைத் தேடி வருது. கோழித் தீனியை மூடி வைங்க. குப்பையைக் குவிக்காதீங்க.”

நான்கு நாளும் மனிதர் நிமிரவில்லை. எலி வளைகளை ஒவ்வொன்றாகத் தேடி, ஜல்லி போட்டு சிமெண்டால் அடைத்தார். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தார். கூரையைத் தொட்ட கிளைகளை வெட்டினார். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பழைய ரப்பரை வெட்டி ஆணி அடித்தார். செங்கல் குவியலை அப்புறப்படுத்தி, விறகைத் தரையிலிருந்து எடுத்து உயரமான பலகையில் அடுக்கினார். டீ கொடுத்தால் வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர்கூடத் தன் பாட்டிலில்தான்.

அடுத்த வீட்டில் இருந்த நாத்தனாருக்கு அதுதான் உறுத்தியது. மூன்றாம் நாள் மதிலுக்கு மேல் தலை நீட்டினாள்.

“யார் வீட்டுக்கு யார் வந்து மாடா உழைக்கறது? கேட்டா என்னன்னு சொல்றது?”

“பாவம் அண்ணி, நல்ல மனுஷன். அண்ணன்னுதான் கூப்பிடறேன்.”

“நீ அண்ணன்னு கூப்பிட்டா ஊர் வாய் மூடிடுமா? சோழியன் குடுமி சும்மா ஆடாது. என் தம்பி போய் ரெண்டு மாசம் ஆகல. நாளைக்கு அந்த ஆள் என்ன கேப்பான்னு உனக்குத் தெரியுமா?”

அன்று முழுக்கத் தையல் கோணலாகவே ஓடியது.

நான்காம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தை ஒரு சுற்று நடந்தார். படியில் நின்ற சிறுமியைப் பார்த்து, “பாரு பாப்பா, ஒண்ணுமே இல்ல” என்றார்.

குழந்தை ஒரு காலை இறக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. ஓடிவந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, செங்கல் இருந்த இடம்வரை நடந்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ, சுட்டதுபோல விரலை உருவிக்கொண்டார்.

அவள் உள்ளே போய், மடிப்புக் கலையாத ஒரு சட்டையை எடுத்து வந்தாள்.

“அவருக்குன்னு தைச்சது, அண்ணா. ஒரு நாள்கூடப் போடல. கூலிதான் வேண்டாம்னுட்டீங்க. இதையாவது வாங்கிக்கங்க.”

“வேண்டாம் தங்கச்சி.”

“ஏன்?”

“எனக்கு வேண்டாம்.” அவர் கம்பியையும் பையையும் எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்ததை அவள் கவனித்தாள். இருந்தாலும் அவர் முன்னால் போய் நின்றாள்.

“நில்லுங்க. நான் தனியா இருக்கறவ. நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. காசு வேண்டாம், டீ வேண்டாம், சட்டை வேண்டாம். பின்ன எதுக்காக வந்தீங்க? மனசுல என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா இனிமே இந்தத் தெருப் பக்கமே வராதீங்க.”

அவர் கம்பியையும் பையையும் கீழே வைத்தார்.

“அடிச்சுப் போட்ட பாம்பை நானும் வந்து பார்த்தேன், தங்கச்சி. அதோட கழுத்துல என் கம்பி பட்ட காயம் இருந்துச்சு. முந்தின நாள் பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல பிடிச்ச பாம்பு அது. காட்டுல விட்டுடறேன்னு சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன்… மழை கொட்டுச்சு, அவ்வளவு தூரம் யாரு போறதுன்னு, உங்க மதிலுக்குப் பின்னாடியே பையை அவிழ்த்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”