ஐந்து பலூன்

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். துப்பாக்கி மேல பழி போடாதீங்க மாப்ள” என்று சிரித்தான் சாமிதுரை.

வேணுகோபாலுக்கு முகம் சுண்டிவிட்டது. கல்யாணமான பிறகு முதன்முதலாக மாமியார் ஊரான வாலிகண்டபுரத்துக்குத் திருவிழா பார்க்க வந்திருக்கிறான். பலூன் கடையில் ஐந்து குண்டு சுட்டான். ஒரு பலூன்கூட அசையவில்லை. பக்கத்தில் புது மனைவி மலர்க்கொடி, எதிரே அவள் அண்ணன் சாமிதுரை, சுற்றிலும் அவள் சொந்தக்காரர்கள். சிமெண்ட் ஆலை ஃபிட்டர் கண்ணு, நூல் பிசகாது என்று பஸ்ஸில் அளந்துகொண்டு வந்தவன் வேறு. இந்த அவமானத்தோடு போனால் மாமியார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது.

“பழி இல்ல மச்சான். பாருங்க, பின்னாடி குறி பாக்குற துண்டு காடிப் பள்ளத்துக்குள்ள லொடலொடன்னு ஆடுது. இதுல சுட்டா ஆகாசத்துல போற காக்காதான் விழும்.”

கடைக்காரி சின்னப்பிள்ளை பதறினாள். “வுட்ருங்க தம்பி. பொழைக்கிற சாமான்.”

“செத்த இருங்கக்கா. ஒரு சுத்தியலும் ஆணியும் குடுங்க.”

வாட்சைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். துண்டைத் தட்டிக் கழற்றினான். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்துக் காடியில் வைத்து, துண்டைப் பக்கவாட்டில் தட்டி இறக்கினான். அது மறுபடி நகராமல் இருக்க, காடி ஓரத்தில் ஆணியை வைத்துத் தட்டி இரண்டு பொட்டு வைத்தான்.

நிமிர்ந்தபோது மலர்க்கொடி கடைக்காரியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

“யோவ், போயி டீ குடிச்சுட்டு வாய்யா” என்று சின்னப்பிள்ளை தன் புருஷன் பஞ்சநாதனை அனுப்பிவைத்தாள். “குடுங்க தம்பி, குண்ட நானே போட்டுத் தரேன்.”

முதல் பலூன் டப்பென்று வெடித்தது. இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்தும் வெடித்தன. கூட்டம் விசிலடித்தது.

“ஒத்துக்குறேன் மாப்ள. கூடம்தான் கோணல்” என்றான் சாமிதுரை.

பரிசாகக் கிடைத்த சோப்பு டப்பாவை மலர்க்கொடியிடம் கொடுத்துவிட்டு, வேணுகோபால் காலரைத் தூக்கிவிட்டபடி நடந்தான். ராட்டினம் வரைக்கும் போன பிறகுதான் வாட்ச் ஞாபகம் வந்தது. அவன் மட்டும் திரும்பி ஓடினான்.

கடையில் கூட்டம் கலைந்திருந்தது. டீ குடிக்கப் போன பஞ்சநாதன், பலூன் கட்டியிருந்த சாக்குப் படுதாவுக்குப் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். கையில் கோணி ஊசி.

“அண்ணன் முன்னாடி புருஷன் தலை குனியக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு கெஞ்சுச்சுன்னா, என்னைய உள்ள தள்ளி வுட்டுடறதா? குண்டு எம்மேல பாஞ்சிருந்தா?”

“போட்டாத்தானேய்யா பாயும்” என்று சின்னப்பிள்ளை உள்ளங்கையை விரித்தாள். ஐந்து குண்டும் அப்படியே இருந்தன.