தனக்கோடியின் பதில்கள்

"மாட்யூல் சூடாவுதா சார்?"

"லேசா வெதுவெதுன்னு இருக்கு மேடம்."

"அப்ப அதுக்கு கரண்ட் போகுது. வெளிச்சம்தான் வரலை."

"மூணு நாளா வரலை. ஐம்பது தடவை கழட்டி மாட்டிட்டேன். பேஜாராப் போச்சி."

அன்பழகன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நெற்றியைத் துடைத்தான். ஆரணி பஜாரில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேல்மாடியில் அவனுடைய சின்னக் கம்பெனி. எதிரே மேஜையில் இரண்டு எலக்ட்ரானிக் போர்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும், நாம் எழுதும் புரோகிராமுக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்ளும் ஒரு சிப். ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஓர் ஆப்டிகல் மாட்யூல். சிப் கொடுக்கும் மின் துடிப்புகளை அது ஒளியாக மாற்றி, தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை வழியே அடுத்த போர்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஓடும் ரயிலுக்கு அடியிலிருந்து தண்டவாள விரிசலைப் படம் பிடிக்கும் கேமராவுக்கான கருவி அது. இரண்டு வருட உழைப்பு. நாளைக் காலை பெங்களூரிலிருந்து பார்க்க வருகிறார்கள். ஒளி போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரியாவிட்டால், வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள்.

போனில் இருந்தவள் தனக்கோடி. இன்ஜினியர்கள் சந்தேகம் கேட்கும் ஓர் இணையதளத்தில் மூன்று வருடமாக அவனுக்குப் பழக்கமான பெயர். ஜெர்மனிக்காரன் கேட்டாலும் பிரேசில்காரன் கேட்டாலும், இந்த மாட்யூல் விஷயத்தில் பிசகாத பதில் அந்தப் பெயரிலிருந்துதான் வரும். இன்று வேறு வழியில்லாமல் கெஞ்சி நம்பர் வாங்கினான். தமிழில் ஒரு பெண் குரல் பேசியபோது, சரியான நம்பரைத்தான் போட்டோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"காலையில நீங்க அனுப்பின சர்க்யூட் படத்தைப் பார்த்துகினு இருந்தேன் சார். இது புது போர்டா?"

"ஆமாங்க, போன மாசம்தான் மாத்தினோம்."

"பதினோராம் பக்கம் எடுங்க. மாட்யூல்ல லேசரை அணைக்கிறதுக்குன்னே ஒரு பின் இருக்குல்ல, அதைச் சும்மா விட்டா லேசர் அணைஞ்சேதான் கெடக்கும். எரியலாம்னு சிப்புதான் சொல்லணும். அந்தக் கம்பி பழைய போர்டுல சிப்போட இடது பக்கம் போச்சி. புதுசுல வலது பக்கம் மாத்தியிருக்கீங்க. புரோகிராம்ல அந்தக் கம்பிக்குப் பழைய பின் நம்பரே இருக்குதான்னு பாருங்க."

அன்பழகன் பார்த்தான். பழைய நம்பரேதான் இருந்தது.

நாற்பது பக்கப் படத்தில் ஒற்றைக் கோடு. வரைந்த அவன் கண்ணுக்கே படாதது.

நம்பரை மாற்றினான். கம்ப்யூட்டர் புரோகிராமைத் தயார் செய்ய அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. அதைச் சிப்பில் ஏற்றினான்.

இரண்டு போர்டிலும் பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. ஒரு நொடிக்கு ஆயிரம் கோடி துடிப்புகள் அந்த இழைக்குள் போய்க்கொண்டிருந்தன. தவறு என்ற கட்டத்தில் பூஜ்யம். ஒரு நிமிடம் கழித்தும் பூஜ்யம். அவளை மறுபடி அழைத்தான்.

"எரியுது மேடம்! ஒரு தப்புகூட இல்ல!"

"எப்படி சார் இருக்கு?" என்றாள் மெதுவாக.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். சந்தோஷம்."

"நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க? பெங்களூரா?"

"சேவூர் சார். ஆரணி பக்கத்துல."

அன்பழகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "நான் ஆரணி பஜார்லதாங்க இருக்கேன்! ஜல்தி கெளம்பி வாங்க, உங்க கண்ணால பாருங்க!"

"சொசைட்டில பால் வந்துகினு இருக்கு சார். அஞ்சரைக்கு வரேன்."

பால் வாங்கப் போயிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான். நாற்காலிகளைத் துடைத்தான், டீ டம்ளர்களைக் கழுவினான். சேவூரில் அப்படி ஓர் ஆய்வுக்கூடமா! கடல் கடந்தெல்லாம் ஆட்கள் எழுதிச் சந்தேகம் கேட்கிற ஒருத்தி இத்தனை வருடமும் டவுன் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறாள். அவளுடைய கருவிகளை ஒரு தடவை பார்க்க அனுமதி கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான்.

ஐந்தே முக்காலுக்குப் படியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "தனக்கோடி சார்" என்றாள்.

உட்காரச் சொன்னான். உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். குனிந்து பச்சை விளக்கையே பார்த்தாள்.

"கேபிளை எடுத்துட்டு மாட்யூலை வெளிய இழுங்க மேடம். திரும்ப மாட்டினா ஒரு செகண்டுல லிங்க் வந்துடுது. நீங்களே பாருங்க."

சேலைத் தலைப்பில் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"எவ்ளோ அழுத்தி இழுக்கணும் சார்?"

அன்பழகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மேடம், தமாஷ் பண்றீங்களா? உங்க லேப்ல இந்த மாதிரி எத்தனை ஆயிரம் கழட்டியிருப்பீங்க!"

"லேபா? சொசைட்டில பால் டெஸ்ட் பண்றதுதான் சார் என் வேலை" என்றாள், மாட்யூலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இதெல்லாம் பஸ்ல போகச்சொல்லோ போன்ல படிச்சது. நேர்ல பார்க்கிறது இன்னைக்குத்தான் மொதல் தடவை."